கொட்டாப்புளி எடுத்த ஒடுக்கு

நசுங்கிய தகரத்தைத் தட்டி நேராக்குகிற மரச்சுத்தியலுக்குக் கொட்டாப்புளி என்று பெயர். அதை இருபத்தைந்து வருஷமாகக் கையில் பிடித்திருந்தவருக்கும் அதுவே பெயராகிவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு ஒன்று உண்டு. அது வாக்காளர் பட்டியலில் பத்திரமாக இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

பஸ் டிப்போவின் பின்சுவரை ஒட்டி அவருடைய பட்டறை இருந்தது. தகரக் கூரை, எண்ணெய்க் கறை படிந்த சிமெண்டுத் தரை, இரண்டு கார் நிற்க இடம். மூன்றாவது கார் வந்தால் பெயிண்டர் வெளியே போய் நிற்க வேண்டும். பெயிண்டர் அவருடைய கூட்டாளி, அறுபது வயதுக்காரர். தட்டுவது கொட்டாப்புளி, வர்ணம் அடிப்பது பெயிண்டர். பேசுவதும் முழுக்கக் கொட்டாப்புளிதான். பெயிண்டர் வாயிலிருந்து நாளொன்றுக்கு இரண்டு மூன்று வார்த்தை வரும், அதில் ஒன்று "வேணாம்" என்பதாக இருக்கும்.

நசுங்கல் பாத்திரத்தில் விழுந்தாலும் காரில் விழுந்தாலும் கொட்டாப்புளிக்கு அது ஒடுக்குதான். ஒடுக்கு எடுப்பவர்கள் ஊரில் பத்துப் பேர் இருந்தார்கள். ஒடுக்கைப் படிப்பவர் இவர் ஒருவர்தான். உள்ளங்கையை அதன்மேல் வைத்து, கண்ணை மூடி, கொஞ்ச நேரம் தடவிப் பார்ப்பார். பிறகு எது இடித்தது, எந்தப் பக்கமிருந்து, எவ்வளவு வேகத்தில் என்று நேரில் பார்த்தவர் மாதிரி சொல்லுவார்.

"நிறுத்தி வச்சிருந்த வண்டிங்க. எவனோ வந்து இடிச்சிட்டுப் போயிட்டான்" என்று ஒருமுறை ஒரு வங்கி மேனேஜர் வந்து நின்றார்.

கொட்டாப்புளி தடவிப் பார்த்தார். "இல்ல சார். நீங்கதான் ரிவர்ஸ்ல வந்து தூண்ல இடிச்சிருக்கீங்க. பக்கத்து சீட்ல இருந்து யாரோ திட்டிக்கிட்டே வந்திருக்காங்க."

"அதெப்படிய்யா தெரியும்?"

"ஒரே இடத்துல ரெண்டு தடவை இடிச்சிருக்கு சார். முதல் தடவை இடிச்சதும் எல்லாரும் பிரேக் போடுவாங்க. திட்டு வாங்கிட்டு இருக்கிறவங்கதான் மறுபடியும் இடிப்பாங்க."

மேனேஜர் வெட்கப்பட்டுச் சிரித்தார். அவர் மனைவி பட்டறை வாசலில் நின்றுகொண்டு அதைவிடப் பெரிதாகச் சிரித்தார். இந்த மாதிரிக் கதைகள் ஊரெல்லாம் சுற்றின. கொட்டாப்புளி அவற்றைக் குறைத்துச் சொல்லும் ஆள் இல்லை.

கல்யாணம் மட்டும் ஆகவில்லை. இருபது வயதில் நேரமில்லை, முப்பதில் இடமில்லை, நாற்பதில் இனிமேல் என்ன என்று ஆகிவிட்டது. நாற்பத்து நாலாவது வயதில் கிட்டப் பார்வை மங்கி, உப்புத்தாளின் நம்பர் தெரியாமல் போகவே, கடைத்தெருவில் இருந்த கண்ணாடிக் கடைக்குப் போனார். அங்கே அவருக்குப் பார்வை சோதித்த கண்ணாடிக்காரம்மாவுக்கு வயது நாற்பத்தொன்று. தனிக்கட்டை. சோதனைக் கண்ணாடியை அவர் மூக்கில் மாட்டி, "இப்ப எது தெளிவா தெரியுது?" என்று கேட்டார். கொட்டாப்புளிக்கு எதிரே இருந்த எழுத்துப் பலகை தெரியவில்லை. அதன் பக்கத்தில் இருந்த இரும்பு பீரோவின் ஒடுக்குதான் தெரிந்தது.

"அந்த பீரோவை நீங்கதான் உதைச்சீங்க. வலது கால். செருப்போட" என்றார்.

கண்ணாடிக்காரம்மா திகைத்துப் போய், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். லென்ஸ் அனுப்புகிறேன் என்று மூன்று மாதம் ஏமாற்றியவனை நினைத்து உதைத்ததாம். அந்தச் சிரிப்பில் கொட்டாப்புளி தொலைந்தார். அதற்குப் பிறகு அவருடைய கண்ணாடி வாரம் ஒருமுறை வளைந்தது, திருகு கழன்றது, பட்டை தளர்ந்தது. இரும்பை நேராக்குகிறவருக்கு ஒரு கண்ணாடிச் சட்டத்தை நேராக்கத் தெரியாதா என்று அந்தம்மாவும் கேட்கவில்லை. ஏழாவது திருகில் கல்யாணப் பேச்சு வந்தது.

"எனக்குன்னு இருக்கிறது ஒரே தம்பி. அவன் சரின்னு சொல்லட்டும். பதிவு ஆபீஸ்ல போய்க் கையெழுத்துப் போட்டுடலாம்" என்றார் அந்தம்மா.

தம்பி சரி என்று சொல்லவில்லை. அவன் வீடுவீடாகத் தண்ணீர் சுத்திகரிக்கும் மிஷின் விற்கிறவன், வெள்ளைச் சட்டை, கழுத்தில் டை. அக்காவுக்கு வரப்போகிறவர் சுத்தியலோடு வந்து நிற்பதை அவனால் ஜீரணிக்க முடியவில்லை. தெருவில் பார்த்தால் கொட்டாப்புளியை "அண்ணே" என்பான். ஆட்கள் கூட இருந்தால் "ஹலோ" என்பான். ஆறு மாதம் இப்படியே இழுத்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்கு அவனுடைய சாம்பல் நிறக் கார் பட்டறைக்குள் வந்து நின்றது. எட்டு வருஷமாக நாலு பக்கமும் ஒடுக்கு வாங்கிய கார் அது. தெருக்காரர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். தம்பி இறங்கி, "மாமா" என்றான்.

கொட்டாப்புளி பின்னால் திரும்பிப் பார்த்தார். பின்னால் சுவர்தான் இருந்தது.

"மாமா, ஒரு கேட்ல லேசா இடிச்சிட்டேன். முன்னாடி மட்டும் கொஞ்சம் எடுத்து விட்டுடுங்க மாமா. அக்காகிட்ட சொல்ல வேணாம்."

மூன்று முறை மாமா! அந்த மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. நாற்பத்து நாலு வருஷத்தில் அவரை யாரும் மாமா என்று கூப்பிட்டதில்லை. கூடப் பிறந்தவர்கள் கிடையாது, கூப்பிட ஆள் இல்லை. வாயெல்லாம் பல்லாக முன்பக்கம் போய், பழக்கத்தில் பானெட் விளிம்பில் உள்ளங்கையை வைத்தார்.

கேட்டில் இடித்தால் கோடு விழும். இரும்புக் கம்பி எங்கே பட்டதோ அங்கே கத்தி மாதிரி மடிப்பு இருக்கும். இது குழி. வழவழவென்று, கரையில்லாமல், ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு உள்வாங்கிய குழி. தூசியில் ஓரமாகத் துணியின் நெசவு பதிந்திருந்தது. பம்பரில் ஒரு ரப்பர்க் கறுப்பு இருந்தது. மனிதன் மெத்தென்றவன், இரும்பில் மோதினால் குழிதான் விழும். பத்து மூச்சுக்குள் கைக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. காது மட்டும் மாமாவையே கேட்டுக்கொண்டிருந்தது.

"கேட்லயா இடிச்சது?" என்றார்.

"கேட்தான் மாமா." தம்பி தரையைப் பார்த்தபடி சொன்னான்.

அப்போது இன்னும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்காமல் விட்டதற்கு அவர் சொல்லக்கூடிய காரணம் எதுவும் இல்லை. நானும் அவருக்காகச் சொல்லப் போவதில்லை. "அதுக்கென்ன மச்சான், தட்டிட்டாப் போச்சு" என்று சொல்லிவிட்டார்.

பெயிண்டர் வந்து குழியைப் பார்த்தார். பிறகு கொட்டாப்புளியைப் பார்த்தார். "வேணாம்" என்றார்.

"கேட்லதான் இடிச்சுதாம்யா."

"வேணாம்."

"நம்ம மச்சான்யா!"

பெயிண்டர் டிப்போச் சுவர்ப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார். கொட்டாப்புளி அடியில் இரும்புக் கட்டையைக் கொடுத்து, மேலே மரச்சுத்தியலால் தட்ட ஆரம்பித்தார். தட்டும்போது பாடினார். பாட்டில் வரிகள் பாதி சரி, பாதி அவருடைய சொந்தச் சரக்கு, ஆனால் தாளம் பிசகவில்லை. இடிபட்டவர் யாராக இருந்தாலும் எழுந்து, தூசியைத் தட்டி, நாலு வசவு கொடுத்துவிட்டுப் போயிருப்பார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அடுத்த அடிக்குள் அதை நம்பியும் விட்டார்.

மத்தியானத்துக்குள் குழி காணாமல் போனது. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் சந்தோஷம் கையில் ஏறிவிட்டால் கை நிற்குமா? மாமா என்று கூப்பிட்டவனுடைய கார் பின்பக்கம் நசுங்கிக் கிடப்பதா? பின்பக்கத்தையும் எடுத்தார். கதவுகள் நாலையும் எடுத்தார். எட்டு வருஷத்து ஒடுக்குகளை ஒன்று விடாமல் எடுத்து, பட்டி வைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பெயிண்டரைத் தாஜா பண்ணி முழுக் காருக்கும் வர்ணம் அடிக்க வைத்தார். மூன்றாம் நாள் வந்த தம்பி வாசலிலேயே நின்றுவிட்டான். கார் கண்ணைப் பறித்தது.

"முன்னாடி மட்டும்னுதானே மாமா சொன்னேன்!"

"நம்ம வீட்டு வண்டி மச்சான். பாதியில விட மனசு வருமா?"

"தெருவே பார்க்கும் மாமா!"

"பார்க்கட்டுமே!"

தெருவே பார்க்கத்தான் செய்தது. புதுக் கார் வாங்கினாயா என்று அவனைக் கேட்டவர்களுக்குக் கணக்கில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் அவன் வேர்த்தான். அந்த வார ஞாயிற்றுக்கிழமையே அக்காவிடம் போய், மாமா நல்ல மனுஷன், சீக்கிரம் பதிவு பண்ணிவிடுங்கள் என்று சொன்னான். கண்ணாடிக்காரம்மா அன்று சாயங்காலம் கொட்டாப்புளியை வீட்டுக்குக் கூப்பிட்டு டீ கொடுத்தார். தம்பி எதிரே உட்கார்ந்திருந்தான். மூவரும் சிரித்துச் சிரித்துப் பேசினார்கள். நாள் குறித்தாயிற்று. கொட்டாப்புளி தெருவில் நடக்கும்போது அவருடைய கால் தரையில் பட்டதா என்பதே சந்தேகம். புதுச் சட்டை தைக்கக் கொடுத்தார். கண்ணாடியின் முன் நின்று, "என் வீட்டுக்காரி" என்று சொல்லிப் பார்த்து, தானே வெட்கப்பட்டார்.

மூன்று வாரம் கழித்து, பட்டறை வாசலில் போலீஸ் ஜீப் வந்து நின்றது. அதில் பயப்பட ஒன்றுமில்லை, அந்த ஜீப்பின் மட்கார்டை நாலு தடவை நேராக்கியவர் கொட்டாப்புளிதான். இன்ஸ்பெக்டரம்மா இறங்கினார். இந்தத் தடவை ஜீப்பில் ஒடுக்கு எதுவும் இல்லை. பின்னால் இருந்து கான்ஸ்டபிள் ஒரு நசுங்கிய சைக்கிளை இறக்கினார்.

"கொட்டாப்புளி, நீங்க கை வச்சா சொல்லிடுவீங்களாமே. இதைப் பார்த்துச் சொல்லுங்க. தானா விழுந்ததா, யாராவது இடிச்சதா? இடிச்சிருந்தா என்ன வண்டி?"

போலீஸே தன்னிடம் வந்து கேட்கிறது! பக்கத்து டயர்க் கடைக்காரர் வந்துவிட்டார், டிப்போவிலிருந்து இரண்டு கண்டக்டர்கள் வந்துவிட்டார்கள், டீக்கடைக்காரர் கையில் டம்ளரோடு வந்துவிட்டார். கொட்டாப்புளி புதுக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். சபை கூடிய பிறகு அவரைப் பிடிக்க முடியுமா?

"தானா விழுந்ததா? யார் சொன்னது? தானா விழுற சைக்கிள் பக்கவாட்டுல விழும்மா. பெடல் தேயும், ஹேண்டில் திரும்பிக்கும். இங்க பாருங்க, பெடல் பளபளன்னு இருக்கு. ஹேண்டில் நேரா இருக்கு. முன் சக்கரம் அப்படியே இருக்கு. இடி பின்னாடியிருந்து. ஓட்டினவர் ஓரமா, நேரா போயிட்டு இருந்திருக்கார். வளைஞ்சு நெளிஞ்சு போனவர் இல்ல, தூங்கினவரும் இல்ல. வண்டி வந்த வேகம் ஐம்பது, ஐம்பத்தஞ்சு. லாரி இல்லை, லாரின்னா கேரியர் மேலேயும் நசுங்கும். கார்தான். சின்னக் கார். முன்பக்கம் உங்களுக்கு இந்தப் பக்கம்…"

கூட்டம் வாயைப் பிளந்தது. கான்ஸ்டபிள் வேக வேகமாக எழுதினார். கொட்டாப்புளி பின் மட்கார்டைத் தடவிக்கொண்டே போனார்.

"இதோ பாருங்க, உள்ள மடிப்புல கடுகு அளவு வர்ணம் ஒட்டியிருக்கு. நிறம் வந்து…"

கண்ணாடி போட்ட கண்ணுக்கு அது நன்றாகவே தெரிந்தது. சாம்பல். அதற்குள் உள்ளங்கை நின்றுவிட்டது. இந்த உயரத்தை, இந்தச் சாய்வை, இந்த வேகத்தை அது மூன்று வாரத்துக்கு முன் ஒரு பானெட்டில் தொட்டிருக்கிறது. ஒரே சம்பவத்தின் மறுபாதி இது.

"நிறம்?" என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

"சாம்பல்" என்றார். குரல் கூட்டத்துக்குக் கேட்கவில்லை.

"சத்தமா."

"சாம்பல்மா. அதுக்கு மேல… அதுக்கு மேல தெரியல."

இன்ஸ்பெக்டரம்மா அவர் தோளில் தட்டிக் கொடுத்தார். "பெரிய உதவி. இது ஒரு பேப்பர் போடுறவரோட சைக்கிள். விடியக்காலையில இடிச்சுத் தள்ளிட்டு, நிறுத்தாமப் போயிட்டாங்க. ஒரு மணி நேரம் பள்ளத்துல கிடந்திருக்கார். தொடை எலும்பு ரெண்டா போச்சு. கார் இடிச்சுதுன்னு அவர் சொல்றதை யாரும் நம்பல. தூக்கக் கலக்கத்துல விழுந்துட்டு கதை விடுறார்னு சொல்றாங்க, அவர் பொண்டாட்டி உட்பட. நானே பாதி அப்படித்தான் நினைச்சேன். நாளைக்கு ஃபைலை மூடுறதா இருந்தேன்."

"கார் கிடைக்குமாம்மா?"

"எங்கயாவது கொடுத்துத் தட்டியிருப்பாங்க. இடிச்சது ஒரு குத்தம், போட்டுட்டு ஓடினது இன்னொரு குத்தம். தெரிஞ்சே அதை மறைக்கக் கை கொடுத்தா அது தனிக் குத்தம், தனிக் கேஸ். தட்டினவன் கிடைச்சா அவனையும் சேர்த்துத்தான் உள்ள வைப்பேன்."

ஜீப் போன பிறகு டயர்க் கடைக்காரர் கொட்டாப்புளிக்குக் கை கொடுத்தார். டீக்கடைக்காரர் ஓசியில் டீ கொடுத்தார். அந்த டீ சட்டையில்தான் பாதி போனது. பெயிண்டர் அருகே வந்து நின்றார். அன்றைக்கு அவர் வாழ்நாளிலேயே அதிகமாகப் பேசினார். "வாயை மூடிக்கிட்டு இரு. எனக்கும் பேத்தி இருக்கு" என்றார்.

"நீ வேணாம்னு சொன்னவன்யா. உனக்கு ஒண்ணும் வராது."

கொட்டாப்புளி கையைக்கூடக் கழுவாமல் கடைத்தெருவுக்குப் போனார். கண்ணாடிக்காரம்மா ஒரு லென்ஸைத் தேய்த்துக்கொண்டிருந்தார். இவரைப் பார்த்ததும் சிரித்து, திருகாணிப் பெட்டியை எடுத்தார்.

"கண்ணாடிக்கு ஒண்ணுமில்லை" என்று சொல்லி, எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். குழி, நெசவு, மாமா, சைக்கிள், பள்ளத்தில் கிடந்தவர்.

அந்தம்மா லென்ஸைக் கீழே வைத்தார். "என் தம்பியா?"

"ஆமா."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே."

"அன்னைக்கேவா? அதுக்கப்புறம் எங்க வீட்ல வந்து டீ குடிச்சீங்களே. ரெண்டு பேரும் எதிரெதிரா உட்கார்ந்து சிரிச்சீங்களே. நானும் லூசு மாதிரி கூடச் சேர்ந்து சிரிச்சேனே!"

இப்போது என்ன செய்வது என்று கொட்டாப்புளி கேட்டார்.

"எங்க போகணும்னு நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியணுமா? போங்க!" அந்தம்மா எழுந்து போய் பீரோவின் மறு கதவை உதைத்தார். இடது கால் என்பதைக் கொட்டாப்புளியின் கண் குறித்துக்கொண்டது. வாய் திறக்கும் தைரியம் வரவில்லை.

ஸ்டேஷனில் கான்ஸ்டபிள் அவரைப் பார்த்ததும், "என்ன கொட்டாப்புளி, ஜீப் ஏதாவது ரெடியா?" என்றார்.

"ஜீப் இல்லைங்க. நான்தான் ரெடி."

அதைப் புரிய வைக்கக் கால் மணி நேரம் ஆனது. கான்ஸ்டபிள் விளையாட்டென்று நினைத்துச் சிரித்தார். ரைட்டர் சிரித்தார். லாக்கப்பில் இருந்தவனும் சிரித்தான். கொட்டாப்புளிக்கும் ஏனோ சிரிப்பு வந்துவிட்டது, மூன்று வாரமாகத் தொண்டையில் நின்றது இறங்கினால் அப்படித்தான் வருமோ என்னவோ. இன்ஸ்பெக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. நாற்காலியைக் காட்டி, "உட்காருங்க. முதல்லேருந்து சொல்லுங்க" என்றார்.

தம்பி மறுநாள் பிடிபட்டான். பளபளக்கும் கார் அவன் வீட்டு வாசலிலேயே நின்றிருந்தது. அவனுடைய வழக்கு தனி. இடித்ததை ஒப்புக்கொண்டு, ஆனால் சைக்கிள்காரர்தான் தூக்கக் கலக்கத்தில் குறுக்கே வந்தார் என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். கொட்டாப்புளி ஜாமீனில் வெளியே வந்தார். பதிவு ஆபீஸ் நாள் வந்தது, போனது. கண்ணாடிக் கடைப் பக்கம் போக அவருக்கு முகம் இல்லை. தைத்த சட்டை தையற்கடையிலேயே தொங்கியது.

வழக்குப் பார்த்த வக்கீல் இளைஞர், சுறுசுறுப்பானவர். "ரொம்ப சுலபம். போலீஸ்கிட்ட நீங்க சொன்னதை கோர்ட் எடுத்துக்காது. ஜட்ஜ் கேட்பார். 'எனக்குத் தெரியாது, கேட்ல இடிச்சதுன்னு நம்பினேன்'னு சொல்லுங்க. தெரியாம தட்டினா குத்தமே இல்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போயிடலாம்."

"தெரியும்னு சொன்னா?"

"ஜெயிலுக்குப் போகலாம்."

கோர்ட் அறையில் மின்விசிறி சத்தம் போட்டுக்கொண்டே சுற்றியது. முதல் பெஞ்சில் ஊன்றுகோல்களோடு ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். அவரைவிட்டு இரண்டு ஆள் தள்ளி, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு அம்மா. பேப்பர்காரரும் அவர் மனைவியும் என்று சொல்லாமலே தெரிந்தது. கடைசிப் பெஞ்சில் கண்ணாடிக்காரம்மா. அவர் வருவார் என்று கொட்டாப்புளி நினைக்கவே இல்லை.

வக்கீல் எழுந்து அழகாகப் பேசினார். தன் கட்சிக்காரர் ஒரு சாதாரணத் தொழிலாளி, கேட்டில் இடித்தது என்றார்கள், நம்பினார், இரும்புக்குள் என்ன கதை இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். கொட்டாப்புளிக்கு அந்த ஒரு வரி சுருக்கென்று தைத்தது.

நீதிபதி கேட்டார். "வண்டியில ஆள் மோதின அடையாளம்னு உங்களுக்கு அப்பத் தெரியுமா?"

ஒரு வார்த்தை. தெரியாது என்றால் சாயங்காலம் வீடு. கொட்டாப்புளி வாயைத் திறந்தார். பேப்பர்காரர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் கோபத்தைவிட எதிர்பார்ப்புதான் இருந்தது, தேர்வு முடிவு கேட்க வந்த பையனுடைய முகம் மாதிரி.

"தெரியும் சார். கை வச்சதுமே தெரியும்."

வக்கீல் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"கேட்னா கோடு விழும் சார், ஆள்னா குழி விழும். துணி நெசவுகூட இருந்தது. அதைத் துடைச்சதும் நான்தான். அந்தக் குழி ஒண்ணுதான் இவருக்கு சாட்சி. அதைத் தட்டி எடுத்துட்டேன்." மூச்சு வாங்கிக்கொண்டு, யாரும் கேட்காததையும் சொன்னார். "இன்னொண்ணு சார். இவர் தூங்கலை. சைக்கிள் ஹேண்டில் நேரா இருந்தது. ஓரமா, ஒழுங்கா போயிட்டு இருந்தார். இவர் மேல ஒரு தப்பும் இல்லை."

பேப்பர்காரர் துள்ளி எழ முயன்று, முடியாமல், ஊன்றுகோலால் தரையில் ஓங்கித் தட்டினார். "கேட்டியாடி! கேட்டியா! நான் தூங்கலையாம்! ஹேண்டில் நேரா இருந்துச்சாம்!"

"கேட்டேன், கேட்டேன், உட்காருங்க!" என்றார் மனைவி. சொல்லிவிட்டு இரண்டு ஆள் இடத்தையும் நகர்ந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பேப்பர்காரருக்கோ ஆனந்தம் தாங்கவில்லை. பின்பெஞ்சுக்காரர்களைப் பார்த்து, "கேட்டீங்களா? நேரா!" என்றார். கோர்ட் முழுக்கச் சிரித்தது. நீதிபதி மேசையைத் தட்டினார், ஆனால் மெதுவாகத் தட்டினார்.

நாலு மாதம் என்று தீர்ப்பு. தானே வந்து சொன்னதால் குறைத்துக் கொடுத்தது.

வராந்தாவில் கான்ஸ்டபிள் காகிதத்துக்காகக் காத்திருந்தபோது, பேப்பர்காரர் ஊன்றி ஊன்றி வந்தார். "நீங்க சொன்னதுக்கு நன்றி" என்றார். பிறகு ஊன்றுகோலை மாற்றிப் பிடித்துக்கொண்டு கேட்டார். "அன்னைக்குக் காலையில, எட்டரை ஒன்பது மணிக்கு, அதைத் தட்டிட்டு இருந்தீங்கல்ல? அப்ப என்ன நினைச்சீங்க?"

கொட்டாப்புளி பொய் சொல்லவில்லை. "பாடிட்டு இருந்தேன்."

பேப்பர்காரர் தலையசைத்தார். "அந்த நேரத்துல எனக்கு எலும்பு சேர்த்துட்டு இருந்தாங்க. நான் கத்திட்டு இருந்தேன்" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். சொல்லிவிட்டு மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். கொட்டாப்புளிக்கு நீதிபதி கொடுத்தது நாலு மாதம், இது எத்தனை மாதம் என்று அவருக்குக் கணக்குப் போடத் தெரியவில்லை. அங்கேயே சுவரில் சாய்ந்து அழுதார்.

அவர் அழுது முடிக்கும்வரை கண்ணாடிக்காரம்மா தூணுக்குப் பக்கத்தில் காத்திருந்தார்.

"தம்பியைக் காட்டிக் கொடுத்தவனைக் கட்டிக்கிறியான்னு எல்லாரும் கேட்கிறாங்க" என்றார். "அதுல எனக்குக் கோபமில்லை. அவன் பண்ணினதுக்கு அவன்தான் போகணும். ஆனா நீங்க அவன் கூட உட்கார்ந்து சிரிச்சீங்க பாருங்க, அந்தச் சிரிப்பை நினைச்சா எனக்கு எரியுது. அது தீருமான்னு தெரியல. தீர்ந்தா வருவேன். தீரலைன்னா வர மாட்டேன். எதிர்பார்க்காதீங்க."

"சரி" என்றார் கொட்டாப்புளி.

ஜெயிலில் அவருக்குச் சமையல்கூடத்து அண்டாக்களை ஒடுக்கெடுக்கும் வேலை கிடைத்தது. அண்டாக்கள் பளபளத்தன. நாலு மாதத்தில் அவர் ஒரு வரிகூடப் பாடவில்லை. பெயிண்டர் மாதம் ஒருமுறை வந்து, கம்பிக்கு அந்தப் பக்கம் சும்மா உட்கார்ந்துவிட்டுப் போவார். கண்ணாடிக்காரம்மாவைப் பற்றி இவர் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

வெளியே விட்ட நாளில் நல்ல வெயில். சின்னக் கதவு வழியாகக் குனிந்து வெளியே வந்தவருக்குக் கண் கூசியது. எதிரே சாலையோரம் ஒரு குடை நின்றது. குடைக்குக் கீழே கண்ணாடிக்காரம்மா, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு.

கொட்டாப்புளி சாலையைத் தாண்டினார். கிட்டே போனார்.

"தீர்ந்துடுச்சா?" என்று கேட்டார்.

"தீரலை" என்றார் அந்தம்மா. "நேத்து ராத்திரி வரைக்கும் காத்திருந்து பார்த்தேன். தீரவே இல்லை. சரி, தீராமலே போவோம்னு வந்துட்டேன். மிச்சத்தை வீட்ல வச்சுத் திட்டிக்கலாம்."

கொட்டாப்புளி சிரிக்கலாமா என்று தெரியாமல் நின்றார்.

"என்ன நிக்கிறீங்க? பஸ் வருது பாருங்க!"

பஸ் அவர்கள் நின்ற இடத்தைத் தாண்டித்தான் நின்றது. அந்தம்மா குடையை மடக்கிக்கொண்டு ஓடினார். அவர் பின்னாலேயே, துணிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, நாற்பத்தைந்து வயது மாப்பிள்ளையும் ஓடினார்.